ஒரே நேரத்தில் பல கதைகள்: மலையகத்தில் எழுதுகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு" என்பதுதான் புதிதாக எழுத வருகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் புத்தி. கேட்க நன்றாக இருக்கும். இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் உள்ள நம் மலையகத்தில் அது அவ்வளவு எடுபடாது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கதை எழுதுகிற ஒருவரிடம் இப்போது என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டால், பாதியில் நிற்கும் ஒரு நாவல், போட்டிக்கு அனுப்ப வேண்டிய ஒரு சிறுகதை, பத்திரிகையின் சிறுவர் பகுதிக்கு ஒரு தொடர், பாட்டி சொன்னதை வைத்து இன்னும் தொடங்காத ஒரு நாவல் என்று நீளமாகச் சொல்வார். சொல்லும்போதே குரலில் ஒரு குற்ற உணர்வும் இருக்கும்.

அந்தக் குற்ற உணர்வு தேவையில்லை என்பது என் எண்ணம். இங்கே எழுதப்படாமல் கிடப்பது அவ்வளவு. தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தானபோது இருபது வயதில் இருந்தவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து பழையதைச் சொல்லத் தொடங்கும்போது, "தாத்தா, கொஞ்சம் பொறுங்கள், முதல் நாவலை முடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்ல முடியுமா? கேட்டதை அன்றே எழுதி வைக்கத்தான் வேண்டும். அப்படித்தான் கையில் நாலைந்து கதைகள் சேர்ந்துவிடுகின்றன.

பல கதைகள் இருப்பதால் எழுத்து நின்றுபோவதில்லை. எந்தக் கதை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் போவதால் நிற்கிறது. அதோடு, அதைக் கேட்பதற்கும் நாலு பேர் இல்லாமல் போவதால் நிற்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்கிற வழியைத்தான் கீழே ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டு, குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு எழுதுகிறவர்களை மனதில் வைத்தே சொல்கிறேன்.

முதல் படி: கையில் இருப்பதை எல்லாம் ஒரே தாளில் எழுதுங்கள்

ஒரு கொப்பியின் நடுப்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கியது, தொடங்காதது, பாதியில் விட்டது, போட்டியிலிருந்து திரும்பி வந்தது என்று எதையும் விடாமல் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி போதும். தலைப்பு இல்லாவிட்டால் "மடுவத்தில் சண்டை போடும் அக்கா தங்கை கதை" என்று எழுதினாலும் சரி.

பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரில் எத்தனை பக்கம் எழுதியாகிவிட்டது, கடைசியாகத் தொட்டது எப்போது, யாராவது காத்திருக்கிறார்களா என்று குறியுங்கள். ஒரு பத்திரிகை ஆசிரியரோ போட்டியின் கடைசித் திகதியோ காத்திருந்தால் அதைச் சிவப்பில் எழுதுங்கள். இதற்கு ஒரு மாலை நேரம் போதும். பலருக்கு இந்தத் தாளைப் பார்த்தவுடனேயே பாரம் குறைந்துவிடும். பதினைந்து கதை என்று நினைத்தது எண்ணிப் பார்த்தால் ஆறாக இருக்கும்.

இரண்டாம் படி: எதில் கொழுந்து, எதில் கவ்வாத்து?

தோட்டத்தில் எல்லா மலையிலும் ஒரே நாளில் கொழுந்து எடுப்பதில்லை. ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர், ஒரு முறை. இன்று எடுத்த மலைக்கு ஒரு வாரமோ பத்து நாளோ கழித்துத்தான் திரும்ப வருவார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு மலையின் செடிகளைக் குட்டையாக வெட்டி, அதாவது கவ்வாத்து வெட்டி விட்டால், அது தளிர்த்து வரும் வரை அந்தப் பக்கம் கூடை போகாது. அதைப் பார்த்து மலை பாழாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

கதைகளையும் இப்படிப் பிரித்து வையுங்கள். கொழுந்து எடுக்கும் மலை என்றால் இப்போது வாரா வாரம் எழுதுகிற கதை. முறைக்குக் காத்திருக்கும் மலை என்றால் அடுத்து எழுதப்போவது, குறிப்புகள் மட்டும் சேர்ந்துகொண்டிருப்பது. கவ்வாத்து என்றால் ஒரு தடவை எழுதி முடித்து, திருத்துவதற்கு முன் வேண்டுமென்றே ஆறப் போட்டது. இந்த மூன்றில் ஒன்றை, தாளில் இருக்கும் ஒவ்வொரு கதைக்கும் எதிரில் எழுதிவிடுங்கள். எதிலும் சேராத கதை ஒன்று இருந்தால், அதை எழுதும் ஆசை உங்களுக்கு விட்டுப்போயிருக்கலாம். அதைத் தாளின் அடியில் தனியாக எழுதி வையுங்கள், அழிக்க வேண்டாம்.

ஒரே நேரத்தில் கொழுந்து எடுக்கும் கதை இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே இருப்பேன். மூன்றாவது ஒன்றை உள்ளே விட்டால் மூன்றும் வாரத்துக்கு ஒரு பக்கம் என்று இழுபட்டு, ஆறு மாதத்தில் மூன்றின் மேலும் வெறுப்பு வந்துவிடும்.

மூன்றாம் படி: எதோடு எதைச் சேர்த்து எழுதலாம்?

இரண்டு நாவல்களின் முதல் பிரதியை ஒன்றாக எழுதாதீர்கள். முதல் பிரதி மனதில் நிறைய இடத்தைப் பிடிக்கும். அந்த ஆட்கள் பஸ்ஸிலும் கூடவே வருவார்கள், சமைக்கும்போதும் பேசுவார்கள். இரண்டு கூட்டம் ஆட்கள் ஒன்றாகப் பேசத் தொடங்கினால் குரல்கள் கலந்துவிடும்.

ஒன்றில் முதல் பிரதி, மற்றதில் திருத்தம் என்று சேர்த்தால் நன்றாக ஓடும். களைத்துப்போய் வீடு வந்த நாளில் புதிதாக எழுத வராது, ஆனால் இரண்டு பக்கத்தைத் திருத்த முடியும். குரல் வேறுபட்ட இரண்டும் ஒத்துப்போகும். ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1837இல் பல மாதங்களுக்கு இரண்டு தொடர்களை ஒன்றாக எழுதிக்கொண்டிருந்தார். ஒன்று சிரிப்பும் பயணமுமாகப் போவது, மற்றது அநாதைச் சிறுவன் ஒருவனின் துயரம். எழுத எழுத அச்சுக்கும் போய்க்கொண்டிருந்தது. நாம் டிக்கன்ஸ் அளவுக்கு ஓட வேண்டியதில்லை. ஒப்பந்தக் காலத்தை வைத்து ஒரு நாவலும், பாடசாலைப் பிள்ளைகள் வரும் ஒரு சிரிப்புக் கதையும் எழுதுகிறவருக்கு ஒன்று மற்றதிலிருந்து ஓய்வு கொடுக்கும். ஒரே காலம், ஒரே தோட்டம், ஒரே மாதிரி கங்காணி வரும் இரண்டு கதைகளை ஒன்றாக எடுத்தால், இரண்டாம் மாதமே எந்தக் கங்காணிக்கு எந்தக் கால் நொண்டி என்று தேட வேண்டியிருக்கும்.

நான்காம் படி: ஒவ்வொரு கதைக்கும் ஒரு திரும்பி வரும் தாள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். பல கதை எழுதுகிறவருடைய நேரத்தை அதிகம் தின்பது, விட்ட கதைக்குத் திரும்பி வருவதுதான். மூன்று வாரம் கழித்து கொப்பியைத் திறந்தால் முதல் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டியிருக்கிறது. வாசித்து முடிக்கும்போது கரண்ட் போய்விடும், அல்லது பிள்ளை எழும்பிவிடும்.

அதனால் கதையை விட்டு எழும்பும் ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணத்துக்கு, இந்தியாவுக்குப் போகும் ஒரு குடும்பத்தைப் பற்றிய நாவல் என்று வைத்துக்கொள்வோம். தாள் இப்படி இருக்கலாம்:

நிற்கும் இடம்: அத்தியாயம் 7. முத்தம்மா பெட்டி கட்டி முடித்துவிட்டாள். மகன் வர மாட்டேன் என்கிறான்.
அடுத்த வரி: "கோச்சி எத்தனை மணிக்கு?" என்று பக்கத்துக் காம்பராக்காரி கேட்கிறாள்.
காலம்: 1970, ஐப்பசி. மழை. விடிய நாலரை.
யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்: முத்தம்மா கணக்கப்பிள்ளையை "ஐயா" என்பாள். கணக்கப்பிள்ளை அவளை "இந்தா" என்பார். மகன் தகப்பனை நேரில் கூப்பிடுவதே இல்லை.
முன்பு சொன்னது, மறக்கக் கூடாது: அத்தியாயம் 3இல் தோட்டை விற்றுவிட்டாள். இப்போது காதில் ஈர்க்குச்சி.
கேட்டுப் பார்க்க வேண்டியது: தலைமன்னாரில் கப்பலுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள்? பெட்டிகளை யார் திறந்து பார்த்தார்கள்?

அடுத்த வரியை எழுதி வைப்பதுதான் இதில் உயிரான இடம். அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும் இடத்தில்தான் அன்றைய எழுத்தை நிறுத்துவார். நமக்கு அது இன்னும் அவசியம், ஏனென்றால் நாளைக்கே திரும்பி வருவோம் என்ற உறுதி நம்மிடம் இல்லை. உணர்ச்சி உச்சத்தில் இருக்கும் காட்சியை முழுக்க எழுதிக் கொட்டிவிட்டு எழும்பாதீர்கள். இரண்டு வரி மிச்சம் வையுங்கள்.

கூப்பிடும் முறையைத் தனியாகக் குறிக்கச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. நம் கதைகளில் பாதி நாடகம் அதில்தான் இருக்கிறது. ஒரே கங்காணியை ஓர் அத்தியாயத்தில் "மாமா" என்றும் அடுத்ததில் "கங்காணி" என்றும் ஒருத்தி கூப்பிட்டால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது என்று வாசகர் நினைப்பார். நடந்திருந்தால் நல்லது. நீங்கள் மறந்துபோய் எழுதியிருந்தால் கதை அங்கே ஓட்டையாகிவிடும்.

ஐந்தாம் படி: நம் ஊர் வருடத்தைப் பார்த்து நேரம் பிரியுங்கள்

"தினமும் ஆயிரம் சொல்" என்ற கணக்கு எனக்குப் பிடிக்காது. அது வேறு வாழ்க்கை உள்ளவர்களுக்கு. ஆனால் அந்தோணி ட்ரொலோப் என்ற ஆங்கில நாவலாசிரியர் செய்த ஒன்று நமக்கு உதவும். அவர் தபால் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, முன்னால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். 250ஐ விடுங்கள். கால் மணி நேரம் என்ற அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலைப் பெயர்ப் பதிவான பெரட்டுக்குப் போகும் வீட்டில் விடிய ஐந்து மணிக்கே அடுப்பு எரியும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும். அதில் ஒரு மணி நேரம் யாருக்கும் கிடைக்காது, கால் மணி நேரத்தை எப்படியாவது எடுத்துவிடலாம். நாளைக்கு ஒரு கால் மணி பெரிய கதைக்கு, கிடைத்தால் இன்னொன்று சின்னதற்கு.

எழுத உட்கார இடமே இல்லாதவர்கள் போனில் பேசிப் பதிவுசெய்யலாம். மலையில் நிற்கும்போது ஒரு வசனம் வந்தால் அதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் பேசினால் எழுத்தாக்கும் வசதி இப்போது போனின் கீபோர்டிலேயே இருக்கிறது. பேச்சுத் தமிழை அது கொஞ்சம் குழப்பும். அப்புறம் உட்கார்ந்து சரிசெய்யலாம், வசனமாவது மிஞ்சும். லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஆறு பேரோடு இருந்துகொண்டு எழுதுகிறவர்களுக்கு இது சின்ன உதவி இல்லை.

இனி வருடத்தைப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் நனைந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் அந்த மாதங்கள் முதல் பிரதிக்கு நல்லவை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் பெருமழை வருட முடிவில்தான், அவர்களுக்குக் கணக்கு மாறும். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, தோட்டத்துக் கோயில் திருவிழா, பரீட்சைக் காலம் இவற்றில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். குறிப்பு மட்டும் எடுங்கள். திருவிழாவில் எடுக்கும் குறிப்பு பிறகு எங்கே கேட்டாலும் கிடைக்காது. செப்டெம்பர் இலங்கையில் சாகித்திய மாதம், கொழும்பில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியும் அப்போதுதான். புத்தகம் போடும் எண்ணம் இருந்தால் கையெழுத்துப் பிரதி அதற்கு வெகு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: பிரதி எடுத்து வையுங்கள்

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யாரும் மறக்கவில்லை. மழைக்காலத்தில் உடுத்த துணியோடு வெளியேற வேண்டி வரும் வீடுகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. உயிரைப் பார்க்கும் நேரத்தில் கொப்பியைத் தேட முடியாது. அதனால் எழுதிய பக்கங்களை ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தட்டச்சு செய்தவற்றை யுனிகோட்டில் வைத்திருங்கள். பழைய எழுத்துருவில் இருந்தால் இன்னொரு கணினியில் திறக்கும்போது கதை இருக்காது, குறிகள்தான் இருக்கும்.

ஏழாம் படி: வாசிக்கிற கூட்டம் ஒன்றைச் சேருங்கள்

இதுவரை சொன்னது தனி ஆளாகச் செய்யக்கூடியது. ஆனால் தனியாக இருப்பவருக்கு எந்தக் கதையை முதலில் முடிப்பது என்று சொல்ல ஆளில்லை, முடித்தாலும் கேட்க ஆளில்லை.

மலையக இலக்கியமே நாலு பேர் சேர்ந்ததால் வளர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை. 1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் வீரகேசரியும் நடத்திய சிறுகதைப் போட்டிகள் தோட்டத்துப் பிள்ளைகள் பலரை எழுத வைத்தன. பரிசு பெற்ற கதைகள் 1971இல் தொகுப்பாகவும் வந்தன. என்.எஸ்.எம். ராமையாவை எடுத்துக்கொள்ளுங்கள். "ஒரு கூடைக் கொழுந்து" என்ற அவருடைய கதை 1961இல் தினகரனில் வந்தது. அந்தப் பெயரில் அவருடைய தொகுப்பு வெளிவந்தது 1980இல். அவ்வளவு காலம் கழித்தாவது வந்ததற்கு, அதை எடுத்துப் போட வேண்டும் என்று நினைத்த வைகறை பதிப்பகம் காரணம். எழுதியவர் ஒருவர், புத்தகமாக்கியவர்கள் வேறு சிலர். இன்னொரு மலையக எழுத்தாளரான தெளிவத்தை ஜோசப்பின் கதைகளையும் அதற்கு முந்திய வருடம் தொகுப்பாகக் கொண்டு வந்தது வைகறைதான். இந்த மாதிரி ஆட்கள் இல்லாவிட்டால் பழைய பத்திரிகைக் கட்டுகளோடு எவ்வளவோ போயிருக்கும்.

சரி, எப்படிச் சேர்ப்பது? ஐந்து அல்லது ஆறு பேர் போதும். பத்துப் பேர் ஆனால் அது மேடைக் கூட்டமாகிவிடும், மைக்கும் பொன்னாடையும் வந்துவிடும். எல்லோரும் எழுதுகிறவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நன்றாக வாசிக்கிற ஒருவர், தோட்ட வேலையை உள்ளும் புறமும் தெரிந்த ஒருவர் இருந்தால் கூட்டத்துக்குப் பலம். ஒரே பாடசாலை ஆசிரியர்களாக மட்டும் சேராதீர்கள். அப்படிச் சேர்ந்தால் எல்லோருக்கும் தெரியாதது ஒன்றாகவே இருக்கும்.

நாள் என்று பார்த்தால் போயா தினத்தை விட நல்லது எனக்குத் தெரியவில்லை. மாதா மாதம் வரும், விடுமுறை, முன்கூட்டியே கலண்டரில் இருக்கும், யாரும் மறக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமையில் ஒருவருக்குக் கைக்காசு வேலை இருக்கும், ஒருவருக்கு டியூஷன் இருக்கும். வெசாக், பொசன் மாதங்களில் மட்டும் வீதியெங்கும் இலவசச் சாப்பாடு கொடுக்கும் தன்சலும் நெரிசலும் இருக்கும் என்பதால் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். இடத்துக்கு வாசிகசாலை, பாடசாலை வகுப்பறை, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவருடைய வீடு எதுவானாலும் சரி. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பு முடித்துவிடுங்கள். பெண்கள் தொடர்ந்து வருவது பல இடங்களில் இந்த ஒரு விஷயத்தில்தான் தங்கியிருக்கிறது.

கூட்டம் நடக்கும் முறை

1956இல் அமெரிக்காவில் மில்ஃபோர்ட் என்ற ஊரில் எழுத்தாளர் டேமன் நைட்டும் நண்பர்களும் தொடங்கிய எழுத்தாளர் சந்திப்பில் ஒரு முறை வைத்திருந்தார்கள். கதையை எல்லோரும் முன்பே வாசித்துவிட்டு வருவார்கள். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராகப் பேசுவார்கள். எழுதியவர் அது முடியும் வரை வாய் திறக்கக் கூடாது. கடைசியில்தான் பதில் சொல்லலாம். இன்றும் உலகத்தில் பல இடங்களில் இதுதான் நடக்கிறது. நமக்கும் பொருந்தும், இரண்டு மாற்றத்தோடு.

முதல் மாற்றம்: வயதில் குறைந்தவர் முதலில் பேச வேண்டும். நம் கூட்டங்களில் சேர் ஒருவர், டீச்சர் ஒருவர், அவர்களிடம் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் என்று இருப்பார்கள். சேர் முதலில் "அருமை" என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? இளையவரை முதலில் பேச விட்டால்தான் இப்படி ஒன்று வரும்:

"சேர், ரெண்டாம் பக்கத்துல அந்தி நிறுவை முடிஞ்சிருச்சு. நாலாம் பக்கத்துல செல்லம்மா இன்னும் மலையில நிக்குது. கூடைய எங்க வச்சிச்சு?"

இந்தக் கேள்விக்கு எந்த இலக்கியக் கொள்கையும் தேவையில்லை. கொழுந்து நிறுக்கும் நேரம் தெரிந்த பிள்ளைதான் கேட்கும். சேர் அந்த இடத்தில் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டால், அடுத்த மாதம் அந்தப் பிள்ளை இன்னும் கவனமாக வாசித்துக்கொண்டு வரும்.

இரண்டாவது மாற்றம்: கதையின் ஒரு பக்கத்தையாவது எழுதியவர் அல்லாத ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒக்ஸ்போர்டில் ஆங்கில எழுத்தாளர்களான டோல்கீனும் சி.எஸ். லூயிஸும் நண்பர்களும் வியாழன் இரவுகளில் கூடி, எழுதிக்கொண்டிருந்ததை வாசித்துக் காட்டிக்கொள்வார்கள். லூயிஸ் கொடுத்த ஊக்கம் இல்லாவிட்டால் தன் பெரிய நாவலை முடித்திருக்க மாட்டேன் என்று டோல்கீன் பிறகு எழுதியிருக்கிறார். நாம் பேச்சு வழக்கில் வசனம் எழுதுவதால் சத்தமாக வாசிப்பது இன்னும் முக்கியம். வாசிக்கிறவர் ஒரு வசனத்தில் இரண்டு தடவை தடுக்கினால், அப்படி யாரும் பேசுவதில்லை என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

"நன்றாக இருக்கிறது", "இன்னும் கொஞ்சம் மெருகேற்றலாம்" என்ற இரண்டையும் கூட்டத்தில் தடைசெய்யுங்கள். அதற்குப் பதில் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டியது: எந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தினேன், எந்த இடத்தில் யார் பேசுகிறார் என்று குழம்பினேன், எதைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். ஆளுக்கு ஐந்து நிமிடம். ஒரு சந்திப்புக்கு இரண்டு கதைக்கு மேல் எடுக்காதீர்கள். கதை ஒரு வாரம் முன்பே வட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சின்ன போன் திரையில் வாசிக்கச் சிரமப்படுகிறவருக்கு ஒரு அச்சுப் பிரதி எடுத்துக் கொடுங்கள், செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம்.

கேட்கிற கதைக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே ஏதோ குறை இருக்கிறது. ஆனால் அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. "முடிவில் அவளைச் சாகடித்துவிடு" என்று நாலு பேர் சொன்னாலும், அவள் சாவதா தேயிலை ஸ்டோருக்கு வேலைக்குப் போவதா என்பது உங்கள் பொறுப்பு.

ஒரு வாசிப்பு எவ்வளவு காப்பாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம். ஒப்பந்தத்தில் இந்தியா போகும் குடும்பத்தைப் பற்றிய கதை ஒன்றில், 1969இல் தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் தனுஷ்கோடியில் இறங்குகிறார்கள் என்று வந்தது. கூட்டத்தில் இருந்த வயதான ஒருவர் நிறுத்தச் சொன்னார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோய்விட்டது, அதற்குப் பிறகு போனவர்கள் எல்லோரும் ராமேஸ்வரத்தில்தான் இறங்கினார்கள். இந்தியா போகிறவர்களை ஏற்றிச் சென்ற ஒப்பாரிக் கோச்சியில் தன் அக்காவை அனுப்பியவர் அவர். அவர் அங்கே இல்லாவிட்டால் அந்தக் கதை அப்படியே அச்சாகி, கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் நம் உறவுகள் வாசித்து முகம் சுளித்திருப்பார்கள்.

எட்டாம் படி: எந்தக் கதையை எப்போது கூட்டத்துக்குக் கொண்டுபோவது?

கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் நாவலின் அத்தியாயங்களை மாதா மாதம் கொண்டுபோகாதீர்கள். முதல் அத்தியாயத்தைப் பற்றி ஐந்து பேர் பேசினால் அதையே ஆறு மாதம் திருத்திக்கொண்டிருப்பீர்கள், ஏழாம் அத்தியாயம் வரவே வராது. நாவலைப் பொறுத்தவரை எழுதும்போது எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள்: இந்த மாதம் இரண்டு அத்தியாயம் முடிந்தது என்று. முழுதும் முடிந்து, ஆறிய பிறகு கையில் கொடுங்கள்.

சிறுகதைகள்தான் கூட்டத்துக்கு ஏற்றவை. முதல் பிரதி முடிந்து இரண்டு வாரம் ஆறப்போட்டு, நீங்களே ஒரு தடவை திருத்திவிட்டுக் கொண்டுபோங்கள். இன்னும் சூடாக இருக்கும் கதையைக் கொண்டுபோனால் ஒவ்வொரு குறைக்கும் பதில் சொல்ல வாய் துடிக்கும்.

முறைக்குக் காத்திருக்கும் கதைகளுக்கும் கூட்டத்தில் வேலை உண்டு. அடுத்த மூன்று மாதத்துக்கு எதை எடுக்கலாம் என்று தெரியாதபோது, காத்திருக்கும் கதைகளை வாய்மொழியாக, கதைக்கு இரண்டு நிமிடம் என்று சொல்லிப் பாருங்கள். எதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் கேள்வி கேட்கிறார் என்று கவனியுங்கள். "பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அதைத்தான் எடுக்க வேண்டும். உங்களுக்கும் எந்தக் கதையைச் சொல்லும்போது குரல் மாறியது என்று தெரிந்துவிடும்.

ஒன்பதாம் படி: திகதியைக் கூட்டத்திடம் கொடுங்கள்

நமக்கு நாமே வைக்கும் கெடு நிற்காது. அதனால் ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் ஆளுக்கு ஒரு வரி சொல்லி, ஒரு கொப்பியில் எழுதுங்கள்: அடுத்த போயாவுக்குள் எந்தக் கதையில் எதை முடிப்பேன். ஒரே ஒரு கதை, ஒரே ஒரு வேலை. அடுத்த முறை அதை வாசித்துவிட்டுத்தான் தேநீர் ஊற்ற வேண்டும். முடிக்காதவரைத் திட்ட வேண்டியதில்லை. ஏன் முடியவில்லை என்று கேளுங்கள். வீட்டில் சுகமில்லை என்றால் அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள். மூன்று மாதமும் அதே கதை அதே இடத்தில் நின்றால், அதைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வேறொன்றை எடுக்கச் சொல்லும் உரிமை கூட்டத்துக்கு உண்டு. தனியாக இருந்தால் இந்த முடிவை எடுக்க நமக்கு ஒரு வருடம் ஆகும்.

போட்டிகளின் கடைசித் திகதியையும் அந்தக் கொப்பியிலேயே எழுதி வையுங்கள். ஒருவருக்குக் கிடைத்த அறிவிப்பு எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். ஒரே போட்டிக்கு மூன்று பேர் அனுப்பினால் அதில் குறையில்லை, அனுப்புவதற்கு முன் மூன்று பேரும் மற்றவர் கதையை வாசித்திருந்தால் போதும்.

பத்தாம் படி: ஆட்கள் போய்விடும்போது

மலையகத்தில் எந்தக் கூட்டமும் ஒரே ஆட்களோடு நீடிப்பதில்லை. ஒருவருக்குக் கொழும்பில் வேலை கிடைக்கும், ஒருத்தி வெளிநாடு போவாள், ஒருவருக்கு மாற்றல் வரும். முதல் சந்திப்பிலேயே இதற்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். போகிறவருடைய பாதிக் கதைகளின் ஒரு பிரதி கூட்டத்தில் ஒருவரிடம் இருக்க வேண்டும். அவர் போன இடத்திலிருந்தும் மாதத்துக்கு ஒரு கதையை வாங்கி வாசித்து, ஐந்து நிமிடக் குரல் பதிவாகக் கருத்து அனுப்பலாம். நேரலையாகப் பேச சிக்னல் எல்லா மலையிலும் கிடைப்பதில்லை, குரல் பதிவு எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். குவைத்தில் ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து, இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, மெதுவான குரலில் "அக்கா, அந்த இரண்டாவது பக்கத்தில..." என்று தொடங்கும் ஒரு பதிவைக் கூட்டமாக உட்கார்ந்து கேட்கும்போது, எழுதியவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டே கேட்க வேண்டும். போனவருடைய இடத்துக்கு ஒரு புதியவரைச் சேர்க்கும்போது, அவருடைய கதைகளை எல்லாம் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.